இரு நதிகளின் நடுவே: வில்கமுவ கண்ட கதை

யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்த எமக்குச் சிறு வயதிலே திசைகள் இரண்டே இருந்தன. ஆனையிறவுக்கு இப்பால் உள்ளது ஊர். அப்பால் உள்ளதெல்லாம் தெற்கு. கொழும்பும் தெற்கு; கண்டியும் தெற்கு; காலியும் தெற்கு. மாத்தளை மாவட்டம் இத்தீவின் நட்டநடுவே கிடப்பதைத் தேசப்படத்திற் பலமுறை கண்ட பின்னரும், "தெற்கே போகிறோம்" என்றே வீட்டிற் சொல்லிப் புறப்பட்டோம். "அங்கே எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று எம்முள் ஒருவரின் அம்மா கேட்டார். அக்கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. போய் வந்த பின் எழுதும் இக்கட்டுரையே அவருக்கு நாம் கூறும் விடையாகும்.

மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில் நதிகளைப் பற்றி நாம் நிறையக் கற்றோம். வேதாகம வகுப்பில் ஏதேன் தோட்டத்தை நனைத்த நதிகளின் பெயர்களைத் தடையின்றி ஒப்புவிப்போம். யூப்பிரட்டீஸ், தைகிரிஸ் என்னும் இரு நதிகளுக்கு இடைப்பட்ட நாட்டிலே நாகரிகம் எங்ஙனம் தழைத்தது என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளிகள் பெற்றோம். நம் நாட்டிலேயே இரு நதிகளுக்கு இடைப்பட்ட நிலம் ஒன்று உண்டு என்பதும், அங்கே ஈராயிரம் ஆண்டுகளாக மனிதர் ஆற்றை மறித்து நெல் விளைத்தனர் என்பதும் எமக்குத் தெரியாது. இலங்கைச் சரித்திரமும் படித்தோம். ஆயினும், பரீட்சைக்கு முதல் நாளிரவு மனனஞ் செய்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்தோம். இதற்கு எவரையும் குறை கூறோம். வாசலைத் தாண்டிப் போய்ப் பார்க்காதது எமது குற்றமே.

அந்நிலத்தின் பெயர் வில்கமுவ. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மலைகள் இறங்கிச் சமவெளியாகும் இடத்தில் அது கிடக்கின்றது. அதன் கிழக்கே மகாவலி கங்கை ஓடுகின்றது. வடமேற்கே, காட்டுக்கு அப்பால், அம்பன் கங்கை ஓடுகின்றது. இரண்டும் வடக்கே ஒன்றுகூடித் திருகோணமலைக் கொட்டியாரக் குடாவை நோக்கிச் செல்கின்றன. கடந்த பெரும்போக அறுவடைக் காலத்தில், பல்கலைக்கழக விடுமுறை நாட்களில், நண்பர் நால்வர் அங்கே சென்றோம்.

மாத்தளையில்

எம்முள் ஒருவர் றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். ஆகவே மாத்தளையே எமது முதற் தங்குமிடமாயிற்று. முத்துமாரியம்மன் கோவிலின் மாசிமகத் தேர்த்திருவிழா முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. வீதியில் தோரணங்கள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. 1983 ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திலே இக்கோவிலும் தேர்களும் தீக்கு இரையாயின. இன்று வானளாவ நிற்கும் இராசகோபுரத்தைப் பார்ப்பவர்க்கு அச்செய்தி எளிதில் நம்பத்தக்கதாய் இராது.

மாத்தளைக்கு மற்றுமொரு கதையும் உண்டு. அதை எமக்குச் சொன்னவர் நண்பரின் தாயார். கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஏழைத் தொழிலாளர், காட்டு வழியே நடந்து தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் ஆயிரமாயிரம். பிழைத்தவர் இங்கே வந்து மாரியம்மனை வணங்கி, பின் மலைக்கு ஏறினர். 1880 ஆம் ஆண்டில் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. நடந்து வந்தவர்களின் கதையோ நெடுங்காலம் எவர் காதிலும் விழவில்லை. 2023 ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், அவர்கள் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் அதே வழியில் நடந்து வந்தனர். "நடந்து வந்தவங்களப் பாக்க நானும் ரோட்டுக்குப் போனேன் தம்பி. எங்க பாட்டன் பூட்டன் வர்ற மாதிரியே இருந்திச்சு" என்று அந்த அம்மா சொன்னபோது, வடக்கிலிருந்து சொகுசு பஸ்ஸில் உறங்கிக்கொண்டு அதே வழியால் வந்த நாம் தலைகுனிந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நகருக்கு அண்மையிலே அலுவிகாரை உளது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாய் வழங்கிய பௌத்த திரிபிடகம் இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. கி.மு. 103 இல் அம்மன்னன் முடியிழந்தபின் தமிழர் ஐவர் அடுத்தடுத்து அநுராதபுரத்தை ஆண்டனர். போரும் கொடும் பஞ்சமும் வந்தன. ஓதுவோர் இறந்தால் ஓத்தும் இறந்துவிடுமென்று அஞ்சிய துறவிகள் எழுத்தாணியைக் கையில் எடுத்தனர். பற்பல நூற்றாண்டுகளின் பின், 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது இவ்விகாரையின் ஏட்டுச்சுவடிகள் அழிந்தன. தமிழ் இளைஞர் எவரும் அதனைக் கேட்கையில் 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகத்தை நினையாதிரார். நாமும் நினைத்தோம்.

மலை கடந்த பாதை

மறுநாட் காலை றத்தோட்டையிலிருந்து பஸ் ஏறினோம். மிளகுக் கொடிகளும் கராம்பு மரங்களும் சாதிக்காயும் நிறைந்த தோட்டங்களைக் கடந்து, பாதை வளைந்து வளைந்து மேலேறிற்று. மூடிய கைமுட்டியின் கணுக்களைப் போல் தோன்றுவதால் ஆங்கிலேய நில அளவையாளர் 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்ட மலைத்தொடர் இதுவே. சிங்கள மக்கள் தும்பர என்பர். இதன் உயர்ந்த சிகரமாகிய கொம்பனியா 1,900 மீற்றருக்கும் மேலானது. 2010 ஆம் ஆண்டில் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம் ஆகியவற்றோடு சேர்த்து இம்மலைத்தொடரும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ரிவஸ்டன் கணவாயை அடைந்தபோது எதிரேயிருந்தவர் முகம் தெரியாதபடி பனிமூட்டம். காற்று எம்மைத் தள்ளிற்று. கணவாயைக் கடந்து சிறிது தூரம் இறங்கியதும், திரையை விலக்கினாற் போல் வானம் வெளுத்தது. மேற்குப் பக்கத்தில் ஈரமும் பாசியும். கிழக்குப் பக்கத்தில் வெயிலும் புல்வெளியும். ஒரே மலை, இரு முகம். பிட்டவலைப் பத்தனை என்னும் புல்வெளியில் இறங்கி நடந்தோம். பாறையின்மேல் மெல்லிய மண்படை. அதன்மேற் கணுக்கால் அளவே புல். அதன் விளிம்பில் நின்று நோக்கினால், நிலம் அப்படியே கீழே விழுந்து, பள்ளத்தாக்கிலே தெல்கமு ஓயாவின் வெள்ளிக்கோடு தெரிகின்றது. நால்வரும் சிறிது நேரம் பேசவில்லை.

இலுக்கும்புரையைக் கடந்து லக்கலையை அடைந்தோம். இங்கே பழைய பல்லேகமச் சந்தி இன்று நீருக்கடியில் உளது. களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018 ஆம் ஆண்டு நீர் நிரப்பப்பட்டபோது, கடைத்தெருவும் வீடுகளும் வயல்களும் மூழ்கின; மக்கள் மேட்டிலே அமைந்த புதுநகருக்குக் குடிபெயர்ந்தனர். பஸ்ஸில் எமக்கருகே இருந்த மூதாட்டி, பளபளக்கும் நீர்ப்பரப்பைக் கையாற் சுட்டி, "அதோ, அங்கேதான் எங்கள் வீட்டுப் பலாமரம்" என்றார். நீரைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. குளங்களைக் கட்டிய மன்னரின் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கின்றது. குளத்துக்காக வீட்டை விட்டவர்களின் பெயரை எழுதுவதில்லை என்று அப்பொழுது எண்ணினோம்.

நீர் சென்ற வழி

மலை முற்றாக இறங்கியபின் ஹெட்டிப்பொல வந்தது. வில்கமுவப் பிரதேசத்தின் கடைத்தெரு இதுவே. பஸ் நிலையம், நெல் ஆலைகள், உரக்கடை, இரும்புக்கடை, அரச மரத்தடியில் ஒரு தேநீர்க்கடை. பெரிய பட்டினம் என்று எவரும் சொல்லார். ஆனால் அப்பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'ஹெட்டி' என்பது நமது செட்டி; 'பொல' என்பது சந்தை. செட்டிச் சந்தை! உப்பும் புடைவையும் கொண்டு மலையடிவாரத்துக்கு வந்த வணிகரின் நினைவைத் தம் ஊர்ப்பெயரிற் சுமந்துகொண்டு, தமிழ்க் குடும்பங்கள் அரிதாகிய இவ்வூரார் அன்றாடம் பேசிவருகின்றனர்.

நண்பரின் தந்தைக்கு அறிமுகமான ஒரு முதிய கமக்காரர் வீட்டில் எமக்கு இடங் கிடைத்தது. எமக்குத் தெரிந்த சிங்களம் அரைகுறை. அவருக்குத் தெரிந்த தமிழ் அதனினும் குறைவு. ஆயினும் 'மாமா' என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவாகையால் முதற் சிக்கல் உடனே தீர்ந்தது. அவர் எம்மைத் 'தம்பி' என்னும் பொருளில் 'மல்லி' என்றார்.

அன்று பின்னேரம் அவர் எம்மை வாய்க்காற் கரைக்கு அழைத்துச் சென்றார். மகாவலி கங்கை மலைநாட்டை விட்டு இறங்கும் இடத்தில் மினிப்பே அணை அமைந்துள்ளது. அங்கிருந்து இடதுகரை வாய்க்கால், ஆற்றுக்கு இணையாக வடக்கு நோக்கி, சுமார் 74 கிலோமீற்றர் ஓடுகின்றது. வில்கமுவ வயல்களின் உயிர்நாடி அதுவே. இந்த அணை இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. ஆறாம் நூற்றாண்டளவில் ஆண்ட முதலாம் அக்கபோதி கட்டியதாகச் சூளவம்சம் கூறும் 'மணிமேகலா' என்னும் பேரணை இதுவே என ஆராய்ச்சியாளர் கருதுவர். அப்பெயரைக் கேட்டதும் எமது செவி நிமிர்ந்தது. தமிழில் எழுந்த பௌத்த காப்பியத்தின் பெயரும், அக்காப்பியத்திற் கடல் காக்கும் தெய்வத்தின் பெயரும் அதுவன்றோ!

மேற்கே அம்பன் கங்கையை எடுத்துக்கொண்டாலும் இதுவே கதை. எலஹர என்னுமிடத்தில் அந்நதியை மறித்து வாய்க்கால் வெட்டியவன், முதலாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட வசபன். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மகாசேனன் அந்நீரை மின்னேரியாக் குளத்துக்குக் கொண்டு சென்றான். பின்வந்தோர் வாய்க்காலை மேலும் நீட்டினர். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பராக்கிரமபாகு அங்கமெடில்லவில் அம்பன் கங்கையை மறித்துப் பொலனறுவையிற் சமுத்திரம் போன்ற குளத்தை நிரப்பினான். எலஹர வாய்க்காலின் கடைசி நீர் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? கந்தளாய்க்கு! குளக்கோட்டன் கோணேசர் கோவிலின் பொருட்டுக் கட்டினான் என்று நம் ஐதிகம் போற்றும் அதே கந்தளாய்க் குளத்துக்கு. மாத்தளை மலையிற் பெய்த மழை, சிங்கள மன்னர் வெட்டிய வாய்க்காலில் நடந்து, திருகோணமலைத் தமிழரின் வயலில் நெல்லாயிற்று. இதனை எந்தப் பரீட்சை வினாத்தாளும் எம்மிடம் கேட்டதில்லை.

பின்னர் யாவும் பாழாயின. 1215 ஆம் ஆண்டு கலிங்க மாகன் படையெடுப்பின் பின் பொலனறுவை இராசதானி சிதைந்தது. அணைகள் உடைந்தன, குளங்கள் தூர்ந்தன, காடு வந்தது, காட்டோடு நுளம்பும் மலேரியாவும் வந்தன. படையெடுப்பு ஒன்றே காரணமோ, நீர்வேலைகளைப் பேணிய ஆட்சி முறை குலைந்ததே காரணமோ என்று அறிஞர் இன்றும் விவாதிப்பர். எவ்வாறாயினும், எழுநூறு ஆண்டுகள் இந்நிலம் யானைக்கும் கரடிக்கும் உரியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மினிப்பே அணையைத் திருத்திக் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கியபோதே மனிதர் பெருமளவில் மீண்டனர். 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. தம் தமையன் ஒருவர் சிறு வயதில் அக்காய்ச்சலில் இறந்ததாக மாமா சொன்னார்.

வனமும் யானையும்

வில்கமுவவை அடுத்து வஸ்கமுவ தேசியப் பூங்கா விரிந்து கிடக்கின்றது. 'வலஸ்' என்றாற் கரடி. கரடிக்காடு என்பதே இப்பெயரின் பொருள் என்பர். 1938 ஆம் ஆண்டிலேயே காப்பிடமாக்கப்பட்ட இவ்வனம், 1984 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7 ஆந் திகதி தேசியப் பூங்காவாயிற்று. விக்டோரியா, ரந்தெனிகல முதலிய பெரும் நீர்த்தேக்கங்களும் புதுக் குடியேற்றங்களும் எழுந்த காலம் அது. அவற்றால் இடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. இதன் பரப்பு 39,000 ஹெக்டயருக்கும் மேல்.

ஜீப்பில் ஏறிக் காலை வேளையில் உள்ளே சென்றோம். புல்வெளியில் தாயும் குட்டிகளுமாய்ப் பதினொரு யானைகளை எண்ணினோம். மயில்களும் மான்களும் கண்டோம். கரடி எமக்குக் காட்சி தரவில்லை. அதன் நகம் கிழித்த மரத்தைக் கண்டு திருப்தியடைந்தோம். காட்டின் நடுவே பழைய குளக்கட்டுகளும், செங்கல் மேடுகளும், கற்றூண்களும் கிடக்கின்றன. ஒரு காலத்தில் மணியோசை கேட்ட விகாரைகளின் மிச்சம் அவை.

பகலில் யானை அழகு. இரவிலோ அதுவே பயம். அன்றிரவு பத்து மணியிருக்கும். யானை வெடிச் சத்தம் கேட்டது. மாமாவின் மகன் விளக்கை எடுத்துக்கொண்டு பரணை நோக்கி ஓடினார். பின்னால் நாமும் ஓட முற்பட்டபோது மாமா கதவை மறித்தார். இருளில், வேலிக்கு அப்பால், மரம் முறியும் ஓசை மட்டும் கேட்டது. காலையில் நான்கு தென்னைகள் சரிந்து கிடந்தன. "நாலோடு போயிற்று" என்றார் மாமா. வசையாக ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை.

2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400 இற்கும் மேற்பட்ட யானைகளும் 150 இற்கும் மேற்பட்ட மனிதரும் இந்தப் பிணக்கிலே மாண்டனர். மின்வேலி ஒரு பரிகாரம். யானைக்குத் தோடையின் மணம் பிடிப்பதில்லை என்பதால், வஸ்கமுவ ஓரத்துக் கிராமங்களில் வீட்டைச் சூழத் தோடை மரம் நடுகின்ற முயற்சியும் நடைபெறுகின்றது. வேலியும் ஆயிற்று, விற்கப் பழமும் ஆயிற்று. யானை நடந்த வழியில் மனிதன் குடியேறினான். மனிதன் குடியேறியது யானைக்கு அறிவிக்கப்படவில்லை. இதில் குற்றவாளி யார் என்று பட்டிமன்றம் வைக்கலாம். சரிந்த தென்னைக்கருகே நின்றுகொண்டு வைப்பது கடினம்.

போர்க்களமும் நெற்களமும்

மூன்றாம் நாளிலே நடந்ததைச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம்.

மாமா எம்மைக் காட்டோரத்துக்கு அழைத்துச் சென்று, தூரத்தே ஒரு வெளியைக் காட்டி, "இங்கேதான் துட்டகைமுனு இராசா தமிழரை..." என்று தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். எமது முகங்களைப் பார்த்தார். பின், "வெயில் ஏறுகின்றது; தேநீர் குடிப்போம்" என்று திரும்பி நடந்தார். வழி நெடுகிலும் எவரும் பேசவில்லை. 'அங்கே எங்களுக்கு ஆர் இருக்கினம்' என்ற கேள்வி எம் காதில் மீண்டும் ஒலித்தது.

அவ்வெளி போர்க்களமே என்பதற்கு ஊரார் மரபே ஆதாரம். ஆனால் துட்டகைமுனுவின் படை மகாவலிக் கரை வழியே சென்றதென்பதை மகாவம்சம் விரிவாகக் கூறுகின்றது. மஹியங்கணையிற் சத்தன், அதற்கப்பால் நான்கு மாதம் எதிர்த்து நின்ற தித்தம்பன், பின் நாளிகன் என்று, ஆற்றோரக் கோட்டைகளிற் பொருத தமிழ்த் தலைவர்களின் பெயர்களையும் அந்நூலே காத்து வைத்திருக்கின்றது. போரின் முடிவில், கி.மு. 161 இல், நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்ட எல்லாளன் அநுராதபுர வாயிலில் வீழ்ந்தான். இந்நூலை மகாநாமதேரர் இயற்றியது அப்போருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. பௌத்த சமயத்தின் வெற்றியாகவே அவர் அப்போரைப் பாடினார். அப்படிப் பாடியவரே துட்டகைமுனுவின் வீரருள் ஒருவனாகிய நந்திமித்திரன், எல்லாளனின் சேனாதிபதியாகிய மித்திரனின் மருமகன் என்று எழுதுகின்றார். தாய்மாமன் ஒரு பக்கம், மருமகன் மறு பக்கம்! இன்று நாம் கீறும் கோடுகள் அன்று அவ்வளவு நேராக இருக்கவில்லை.

பிற்பகலில் மாமா வீட்டார் தார் வீதியோரத்திற் படங்குகளை விரித்து நெல்லைக் காயவிட்டிருந்தனர். மாலை மூன்று மணியளவில் மலைப்பக்கம் கறுத்தது. ஒரு துளி, இரு துளி. அடுத்த கணம் யாவரும் ஓடினோம். மாமி ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், நாம் நால்வர் நாலு பக்கம். கூட்டினோம், குவித்தோம், சாக்கில் அள்ளினோம், படங்கால் மூடினோம். மழை கொட்டத் தொடங்குமுன் பெரும்பங்கு நெல் திண்ணை ஏறிவிட்டது. மூன்று படங்கு நெல் மட்டும் நனைந்தது. உடலெல்லாம் சுணை, தலையெல்லாம் பதர். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

திண்ணையில் இருந்து நனைந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, மெதுவாகச் சொன்னார்: "எலார இராசா இருந்திருந்தால் இந்த மழைக்கு மணி அடித்திருப்பேன்."

எமக்கு விளங்கவில்லை. அவர் கதையைச் சொன்னார். கிழவி ஒருத்தி வெயிலில் தானியம் காயவிட்டிருந்தாள். காலந் தவறிப் பெய்த மழை அதனை நனைத்துவிட்டது. அவள் போய் அரசனின் மணிக்கயிற்றை இழுத்தாள். அறந் தவறாத அரசனுக்குத் தேவர்கள் பருவத்தே மழை தருவர். ஆகலின் குறை தன்னிடமே என்று எண்ணி, எல்லாளன் உண்ணாதிருந்து நோன்பு நோற்றான். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் இரவில் மட்டுமே, மழை பெய்தது. மகாவம்சத்தில் உள்ள கதையே இது. மாமா அந்நூலை வாசித்தவர் அல்லர். தம் பாட்டியிடம் கேட்டவர்.

"அந்த மணியை ஒரு பசுவும் அடித்தது, தெரியுமா?" என்று எம்முள் ஒருவர் கேட்டார். "கன்றை இழந்த பசு" என்றார் மாமா உடனே. "இராசகுமாரனின் தேர்ச்சில்லு." நாம் திகைத்தோம். திருவாரூரிலே கல்லில் தேர் வடித்து வைத்து நம்மவர் மனுநீதிச் சோழன் கதை என்று போற்றுவது இதனையே. சின்ன வகுப்பில் எமக்குச் சொல்லித் தரப்பட்ட கதை, மகாவலிக் கரையிற் சிங்களக் கமக்காரர் ஒருவரின் பாட்டியினது கதையாகவும் இருந்தது. யார் யாரிடமிருந்து பெற்றனர் என்று ஆராய்ச்சியாளர் ஆராயட்டும். பகைவனாய் வந்து தோற்ற அரசனின் நீதியைத் தோற்கடித்தவரின் வழிவந்தோர் ஈராயிரம் ஆண்டுகளாக மறவாது வைத்திருக்கின்றனர். அதனை எமது கண் முன்னே கண்டோம். காலையில் வெளியருகே பாதியில் விட்ட வாக்கியத்தை மாமா முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி நாமும் கேட்கவில்லை. தேநீர் மட்டும் இரண்டாம் முறை வந்தது.

வெற்றி பெற்ற துட்டகைமுனு எல்லாளனுக்குச் சமாதி எழுப்பி, அவ்வழியே செல்வோர் வாத்தியம் முழக்கலாகாதென்று விதித்ததை அந்நூலே கூறும். அந்த மரியாதையை வில்கமுவவில் ஒரு கமக்காரர் வீட்டுத் திண்ணையில் நாம் உணர்ந்தோம்.

நாலந்தாவில்

திரும்பும்போது மொரகஹகந்த நீர்த்தேக்கத்தைக் கண்டு, நாவுலை வழியாக நாலந்தாவுக்கு வந்தோம். அங்கே 'கெடிகே' என வழங்கும் கற்கோவில் உண்டு. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்ததெனக் கருதப்படும் இக்கோவில், முற்றுங் கருங்கல்லால் ஆனது. அதன் விமானத்தையும் கூடுகளையும் தூண்களையும் கண்டவர், மாமல்லபுரத்தின் ஒரு துண்டு இங்கே வந்ததோ என்பர். பல்லவர் சிற்ப முறையிற் கட்டிய பௌத்த ஆலயம் அது. கட்டியவன் பெயரைச் சொல்லக் கல்வெட்டில்லை. தமிழரா, சிங்களவரா, இந்துவா, பௌத்தரா என்று நாம் கேட்கும் கேள்வி எதற்கும் அக்கல் நேரான பதில் தருவதில்லை.

இக்கோவில் இன்று நிற்பது அதன் பழைய இடத்தில் அன்று. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது மூழ்கும் நிலை வந்தது. 1970களின் பிற்பகுதியில், ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, மேட்டிலே மீண்டும் அடுக்கி, 1980 அளவில் நிறைவேற்றினர். கல்லைக் காக்கப் பட்ட அதே பாட்டை மனிதரைக் காக்கவும் இந்நாடு அக்காலத்திற் பட்டிருக்கலாகாதா என்று எண்ணாதிருக்க முடியவில்லை. பொலனறுவையில் மற்றொரு கல் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில், வேளைக்காரப் படையினராகிய தமிழ் வீரர், புத்தரின் தந்ததாதுக் கோவிலைக் காப்போமென்று தமிழிலே பொறித்த சாசனம் அது. அவ்வீரரின் சொல் இன்றும் அழியாது நிற்கின்றது.

முடிவுரை

அன்பார்ந்த இளைஞர்காள்! சரித்திரத்தை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் கூரையிற் செருகிய கத்தியைப் போல, வேண்டும்போது உருவி எடுக்க வைத்துக்கொள்வது ஒன்று. குளக்கட்டைப் போல, ஆண்டுதோறும் மண் போட்டுத் திருத்தி, எல்லாருடைய வயலுக்கும் நீர் போக வைத்துக்கொள்வது மற்றொன்று. நாமும் பிறரும் முதலாவதையே நெடுங்காலம் செய்து, அதன் பலனையும் பெற்றோம். பட்ட காயங்களை மறந்துவிடுங்கள் என்று கூற நாம் வரவில்லை. மாத்தளைக் கோவிலும் யாழ்ப்பாண நூலகமும் மறக்கத்தக்கன அல்ல. முழுவதையும் நினைவில் வைத்திருங்கள் என்றே வேண்டுகிறோம். பாதிச் சரித்திரமே மனிதரைக் கெடுக்கின்றது.

ஆகவே விடுமுறை வரும்போது, கடற்கரை விடுதிகளுக்குச் செல்வதற்கு முன், ஒருமுறை மலை கடந்து இறங்கிப் பாருங்கள். சிறிது சிங்களம் கற்றுக்கொண்டு போங்கள். பெரும்போக அறுவடைக் காலமாயின், நெல் அள்ள வேண்டி வரலாம். அதற்கேற்ற உடையோடு போங்கள்.

ஊர் வந்து சேர்ந்ததும் அம்மா பையைத் திறந்தார். உள்ளே மாமி கட்டித் தந்த புது நெல்லரிசிப் பொதி இருந்தது. "ஆர் தந்தது?" என்றார். "மாமி தந்தவ" என்றோம். "எந்த மாமி?" என்று கேட்டுக்கொண்டே அரிசியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். அன்றிரவு அதிலே பொங்கினார்.